கலைந்ததும் கலைத்ததும்

இந்தியாவில் கருக்கலைப்பை வரையறைகளோடு அனுமதித்த சட்டம் 1971 ஆகஸ்ட் 10 அன்று சட்டமானது. அதற்கு அடித்தளமிட்ட குழுவுக்குத் தலைமை ஏற்றவர் மகாராஷ்டிர அமைச்சராயிருந்த சாந்திலால் ஷா. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2021இல், அதே ஆகஸ்ட் 10ஐக் கத்தோலிக்க அருங்கொடை இயக்கத்தினர் தேசிய துக்க நாளாக அனுசரிக்க அழைத்தனர். மறு ஆண்டு அதே நாளில் தில்லியில் 'மார்ச் ஃபார் லைஃப்' என்னும் பேரணி நடந்தது. செபமாலை, நற்கருணை ஆராதனை, உபவாசம், ஊர்வலம் என்று பல வடிவங்களில் அந்தத் துக்கம் இப்போது ஆண்டுதோறும் திரும்பி வருகிறது.

மும்பையின் தமிழ்க் கிறித்தவர்களுக்கு இது தொலைதூரச் செய்தி அன்று. மும்பை உயர்மறைமாவட்டத்தில் மனித வாழ்வுக்கென்றே ஒரு குழு உண்டு. மாகிமில் ஸ்நேகாலயா என்னும் குடும்பநல மையம் உண்டு. மாட்டுங்காவின் சகாய மாதா ஆலயமும் செம்பூரின் சதா சகாய மாதா ஆலயமும் கர்ப்பிணிகள் வேண்டுதலோடு வந்துபோகும் இடங்கள். தாராவியின் சந்துகளில், மாடியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து நடத்தப்படும் சிறு சபைகளின் முழு இரவு ஜெபங்களிலும் 'கருவிலே அழிக்கப்படும் பிள்ளைகளுக்காக' என்ற விண்ணப்பம் இடம்பெறுவதுண்டு. கத்தோலிக்கர் 'செபம்' என்பதும் பிறர் 'ஜெபம்' என்பதும் பழைய பிரிவினையின் எழுத்து வடிவம். இந்த ஒரு விண்ணப்பத்தில் மட்டும் இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே சொற்களைப் பயன்படுத்துவது கவனிக்கத்தக்கது. அந்தச் சொற்களை எடுத்துப் பார்ப்பது பயன் தரும்.

'கலை' என்ற வினைப்பகுதி தமிழில் இரண்டு வழியாகவும் நடக்கும். மேகம் கலைந்தது, உறக்கம் கலைந்தது, கூட்டம் கலைந்தது என்றால் தன்வினை. கலைத்தார்கள் என்றால் பிறவினை. ஒரு மெய்யெழுத்துதான் மாறுகிறது. ஆனால் அதற்குள் ஒரு செய்கையும் ஒரு செய்தவரும் வந்துவிடுகிறார்கள். 'கரு கலைந்தது' என்பதற்கும் 'கருவைக் கலைத்தாள்' என்பதற்கும் இடையில் இருப்பது அந்த ஒரு 'த்'. பேச்சில் 'கலைஞ்சிருச்சு', 'கலைச்சிட்டாங்க' என்று வரும்போதும் வேறுபாடு அவ்வளவே.

பெண்கள் இந்த வேறுபாட்டை எப்போதும் பேணுவதில்லை என்பதுதான் இங்கே முக்கியம். தானாகச் சிதைந்த கருவுக்கும் மாத்திரை உண்டு சிதைந்த கருவுக்கும் 'கலைஞ்சு போச்சு' என்ற ஒரே வாக்கியம் போதுமானதாக இருக்கிறது. மருத்துவமனையில் செய்யப்படும் சிகிச்சைக்குக் 'கழுவிவிட்டார்கள்' என்பார்கள். அதுவும் இரண்டுக்கும் பொது. பொய் சொல்லும் நோக்கத்தால் இப்படிப் பேசுவதாகக் கொள்ள முடியாது. கர்ப்பத்தைப் பற்றிய தமிழ்ப் பேச்சே அப்படித்தான் தொடங்குகிறது. 'நாள் தள்ளிப்போயிருக்கிறது', 'முழுகாமல் இருக்கிறாள்', 'உண்டாயிருக்கிறாள்', 'வாயும் வயிறுமாக இருக்கிறாள்': இவற்றில் ஒன்றிலாவது குழந்தை என்ற சொல் இல்லை. பேசப்படுவது பெண்ணின் நிலை. மசக்கை கடந்து, வயிறு தெரிந்து, ஏழாம் மாதம் வளையல் அடுக்கும்போதுதான் வரப்போகும் பிள்ளையை ஊர் கூடி ஏற்கிறது. இதைக் கொண்டு தமிழ் மரபு கருக்கலைப்பை ஆதரித்தது என்று முடிவு கட்டுவது அபத்தம். முதல் மாதங்களின் நிச்சயமின்மைக்கு மொழி ஓர் ஒதுக்கிடம் கொடுத்து வைத்திருக்கிறது என்பது மட்டுமே இதிலிருந்து பெறப்படுவது.

பிரசங்க மேடைத் தமிழில் அந்த ஒதுக்கிடம் இல்லை. 'பிறவாத குழந்தை', 'கருவில் இருக்கும் சிசு', 'சிசுக்கொலை' ஆகிய தொடர்கள் ஆங்கில வழி வந்தவை. முதல் நாளிலிருந்தே குழந்தை, முதல் நாளிலிருந்தே கொலை என்பது அவற்றின் இலக்கணம். இதைத் திருச்சபையின் தொன்மையான, மாறாத மொழி என்று எண்ணுவோரும் உண்டு. கருக்கலைப்பு பாவம் என்ற போதனை தொன்மையானதே. ஆனால் உயிர் எப்போது சேர்கிறது என்ற கேள்வியில் தாமஸ் அக்குவினாஸ் உட்பட இடைக்கால இறையியலாளர் பலர் காலப்படிநிலை ஒன்றைக் கருதினர். திருச்சபைத் தண்டனைச் சட்டத்தில் அந்த வேறுபாடு முற்றாக நீங்கியது 1869இல், ஒன்பதாம் பத்திநாதர் காலத்தில். இந்தியத் தண்டனைச் சட்டமோ குழந்தை அசைவு தெரிந்த பின் நிகழும் கருச்சிதைப்புக்குக் கூடுதல் தண்டனை என்ற பழைய படிநிலையைக் கைவிடவேயில்லை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 88ஆம் பிரிவிலும் அது அப்படியே இருக்கிறது. ('கருவறை' என்ற சொல்லின் பயணம் இதற்கு எதிர்த்திசை. கோயிலின் மூலவர் இடத்தைக் குறித்தே பெரிதும் வழங்கிய அது இன்று ஆலயப் பிரசங்கங்களில் தாயின் வயிற்றைக் குறிக்கும் வழக்கமான சொல்லாகிவிட்டது. அதைக் கேட்கும் தமிழ்க் காதில் வயிறு தானாகவே புனிதத் தலமாகிவிடுகிறது. வயிற்றுக்கு உரியவள் அதன் சுற்றுப்பிராகாரத்தில் நிற்கிறாள்.)

முழு இரவு ஜெபத்தில் அமர்ந்திருப்பவர்களை நினைத்துப் பார்த்தால் சிக்கல் புரியும். கரு தங்காமல் மூன்று முறை இழந்தவள் அங்கே இருப்பாள். பிள்ளை வரம் கேட்டு வந்தவள் இருப்பாள். இரண்டு பிள்ளைகளுக்குப் பின் மூன்றாவதை, கணவனின் தினக்கூலியை எண்ணி, மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரையால் முடித்துக்கொண்டவளும் இருப்பாள். மூவரும் 'கலைஞ்சு போச்சு' என்று சொன்னவர்கள். மேடையிலிருந்து 'கொலை' என்ற சொல் வரும்போது மூன்றாமவள் மட்டும் அதைக் கேட்பதில்லை. முதலாமவளும் தான் என்ன தின்றோம், என்ன தூக்கினோம் என்று தன்னைத்தானே விசாரிக்கத் தொடங்குகிறாள். ஒரு மெய்யெழுத்தைப் பிடித்துக்கொண்டு பாவத்தைப் பங்கிடும் வேலையை ஜெபம் ஏற்கும்போது யார் மீது எது விழும் என்பது ஜெபிப்பவரின் கட்டுப்பாட்டில் இல்லை.

மருந்துக் கடை பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2018இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியான ஆய்வின் மதிப்பீட்டின்படி, 2015இல் இந்தியாவில் நிகழ்ந்த கருக்கலைப்புகள் ஏறத்தாழ 1 கோடி 56 லட்சம். அவற்றில் மருத்துவ நிலையங்களில் நடந்தவை 22 விழுக்காடு மட்டுமே. 73 விழுக்காடு நிலையங்களுக்கு வெளியே, மாத்திரைகளால் நிகழ்ந்தவை. மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் என்னும் இரு மருந்துகளின் கூட்டு அது. கடையில் கேட்பவர் அதன் பெயரைச் சொல்லிக் கேட்பதைக் காட்டிலும் 'நாள் வருவதற்கு மாத்திரை' என்று கேட்பதே இயல்பு. அதன் விளைவாக வரும் உதிரப்போக்கையும் தானாக நிகழும் சிதைவின் உதிரப்போக்கையும் பார்த்து வேறுபடுத்துவது மருத்துவருக்கே பெரும்பாலும் இயலாது. தன்வினையும் பிறவினையும் உடலிலேயே ஒன்றாகிவிடுகின்றன.

மேலைநாட்டிலிருந்து வந்த விழிப்பு ஜெப வடிவம் இந்த உண்மைக்குப் பொருந்தவே பொருந்தாது. 2004இல் டெக்சஸில் தொடங்கிய நாற்பது நாள் விழிப்பு இயக்கம் ஒரு குறிப்பிட்ட காட்சியை அடிப்படையாகக் கொண்டது: ஊரில் ஒரு கிளினிக், அதற்கு ஒரு வாசல், வாசலுக்கு வரும் பெண், அவளை வழிமறித்துப் பேசும் தன்னார்வலர். இங்கிலாந்தும் வேல்ஸும் 2024 அக்டோபர் 31 முதல் கிளினிக்குகளைச் சுற்றி 150 மீட்டருக்குள் இதைத் தடுத்துவிட்டன. அந்தத் தடையின் நியாயம் ஒருபுறம் இருக்கட்டும். தாராவியின் 90 அடி சாலையில் எந்த வாசலில் நிற்பது? கருக்கலைப்புக்கென்று தனி வாசல் அங்கே இல்லை. பொது மருத்துவமனையின் வாசலில் நின்றால், பிரசவத்துக்கும் தடுப்பூசிக்கும் காசநோய் மருந்துக்கும் வருகிறவர்களே எதிரில் வருவார்கள். கத்தோலிக்கத் தமிழில் 'திருவிழிப்பு' என்றால் உயிர்ப்புப் பெருவிழாவின் முந்தைய இரவு. கல்லறை திறக்கக் காத்திருத்தல். பிறர் வருவதைக் கண்காணிக்கும் காவல் அந்தச் சொல்லில் இல்லை. அந்தப் பொருளையும் சேர்த்து இறக்குமதி செய்ய வேண்டிய கட்டாயம் எதுவும் கிடையாது.

மருத்துவமனை வாசல் என்றால் தாராவிக்காரர்களுக்கு அது சயான். லோகமான்ய திலக் மாநகராட்சிப் பொது மருத்துவமனை என்பது பலகையில் எழுதிய பெயர். 2024 ஏப்ரலில் இந்தப் பிரச்சினையின் அத்தனை முடிச்சுகளும் அந்த ஒரு மருத்துவமனையில் வந்து சேர்ந்தன. பாலியல் வன்முறைக்கு ஆளான 14 வயதுச் சிறுமி. கர்ப்பம் தெரியவந்தபோதே மாதங்கள் கடந்திருந்தன. ஏப்ரல் 4 அன்று மும்பை உயர்நீதிமன்றம் கருக்கலைப்புக்கு அனுமதி மறுத்தது. சயான் மருத்துவமனையின் மருத்துவக் குழு புதிதாக ஆராய்ந்து அறிக்கை தந்தபின், ஏப்ரல் 22 அன்று உச்சநீதிமன்றம் அனுமதி வழங்கியது. அப்போது கர்ப்பம் ஏறத்தாழ முப்பது வாரம். பிறகு பெற்றோர் மகளின் உடல்நலத்தை எண்ணித் தயங்கினர். பிரசவத்துக்கே விடலாம் என்றனர். ஏப்ரல் 29 அன்று நீதிமன்றம் தன் உத்தரவைத் திரும்பப் பெற்றது. மருத்துவச் செலவை மாநில அரசு ஏற்க வேண்டும் என்றும், குழந்தையைத் தத்துக் கொடுக்க விரும்பினால் அதற்கும் அரசு வழிசெய்ய வேண்டும் என்றும் கூறியது. கர்ப்பமுற்றவரின் சம்மதமே தலையாயது என்ற கொள்கையையும் விரிவான தீர்ப்பில் வலியுறுத்தியது.

இந்த வழக்கைக் கருக்கலைப்பு எதிர்ப்பாளர்கள் வெற்றி என்று சொல்லக்கூடும். உரிமை ஆதரவாளர்கள் சட்டத்தின் தோல்வி என்று சொல்லக்கூடும். இரண்டும் அவசரம். அந்தச் சிறுமியின் வழக்கில் கருக்கலைப்பு என்பது மனசாட்சியின் கேள்வியாக வருவதற்கு முன் தாமதத்தின் கேள்வியாக வந்தது. அவள் சொல்வதற்கு யாரும் இல்லாமல் போன மாதங்களே அவளுடைய வழிகளைக் குறைத்தன. பதினெட்டு வயதுக்குட்பட்டவர் கர்ப்பமானால் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதால் பல குடும்பங்கள் மருத்துவமனைக்கே அஞ்சுகின்றன. இதையறிந்தே, 2022 செப்டம்பர் 29 தீர்ப்பில், சிறுமியின் பெயரை வெளியிடாமலே மருத்துவர் தகவல் தரலாம் என்று உச்சநீதிமன்றம் தளர்த்தியது. இந்தச் செய்தி எத்தனை ஆலய அறிவிப்புப் பலகைகளில் ஏறியிருக்கும்? ஞாயிறு மறைக்கல்வி வகுப்புக்கும் ஞாயிறு பள்ளிக்கும் வரும் பதின்வயதுப் பெண், வீட்டில் சொல்ல முடியாததைச் சொல்லக்கூடிய ஒரு பெரியவரை அங்கே கண்டிருந்தால், எட்டாம் வாரத்தில் வாய்திறக்க முடியும். கருக்கலைப்பை எதிர்க்கும் தன்னார்வலர் அந்தப் பெரியவராக இருக்க முடியுமா என்பதே சோதனை. சொன்ன மாத்திரத்தில் ஜெபக் கூட்டத்தின் முன் முழங்காலில் நிறுத்திவிடுவார்கள் என்ற அச்சம் இருக்கும்வரை அவள் சொல்லப்போவதில்லை.

2008லும் மும்பை ஒரு வழக்கைப் பார்த்தது. நிகேதா மேத்தாவின் கருவுக்கு இதயக் குறைபாடு இருப்பதாக, அன்றைய இருபது வார வரம்பு கடந்தபின் தெரிந்தது. அந்த ஆகஸ்டில் உயர்நீதிமன்றம் கருக்கலைப்பு மனுவை ஏற்க மறுத்தது. சில நாள்களில் கரு தானாகவே சிதைந்தது. கலைக்க அனுமதி கேட்டுப் பெறாத ஒன்று கலைந்துபோயிற்று. இடைப்பட்ட நாள்களில் திருச்சபைத் தரப்பிலிருந்து, குழந்தை பிறந்தால் பராமரிக்கத் தயார் என்ற முன்வருகை வந்தது. அதைக் கேலி செய்தவர்கள் அன்று பலர். உடற்குறை உள்ள உயிர் வாழத் தகுதியற்றது என்ற எண்ணம் பரவுகிறதே என்ற கேள்வியைக் கிறித்தவர்கள் எழுப்பும்போது அதை மதவெறி என்று தள்ளிவிடுவது நேர்மையாகாது. மாற்றுத்திறனாளி உரிமை இயக்கங்களும் அதே கேள்வியைக் கேட்கின்றன. ஆனால் அந்தத் தாயின் நோக்கில், முன்வருகை குழந்தைக்கு வந்ததே தவிர அவளுக்கு வரவில்லை.

பெண்கருவைத் தெரிந்து அழிப்பதற்கு எதிராகவும் மும்பை முன்னோடி. 1980களின் நடுவில் இங்கிருந்த பெண்ணிய அமைப்புகளும் மருத்துவர்களும் சேர்ந்து போராடியதன் பயனாக, கருவின் பாலினம் கண்டறிவதை 1988இல் நாட்டிலேயே முதலாவதாக மகாராஷ்டிரம் கட்டுப்படுத்தியது. தேசியச் சட்டம் 1994இல் வந்தது. அந்தப் போராட்டத்தினர் பாலினத் தேர்வை எதிர்த்தார்கள், கருக்கலைப்பு உரிமையை விடவில்லை. திருச்சபை இரண்டையும் எதிர்த்தது. இந்த நுண்ணிய வேறுபாட்டைத் தமிழில் பேணுவது கடினமாயிற்று, ஏனென்றால் 'சிசுக்கொலை' என்ற சொல் ஏற்கெனவே உசிலம்பட்டியின் சுமையோடு இருந்தது. பிறந்த பெண்குழந்தைக்குக் கள்ளிப்பால் புகட்டியதும், எட்டு வாரத்தில் மாத்திரை உண்டதும் ஒரே சொல்லுக்குள் அடைக்கப்பட்டால், முன்னதன் கொடுமை பின்னதன் மேல் படிகிறது. பின்னதன் பரவலால் முன்னதும் மலினப்படுகிறது.

ஜெபக் குறிப்புகளின் வாக்கிய அமைப்பிலும் ஒன்று உறுத்துகிறது. வினைமுற்றுக்கு எழுவாயாக வருவது எப்போதும் 'தாய்மார்கள்'. கலைக்கும் தாய்மார்கள், மனம் திரும்ப வேண்டிய தாய்மார்கள், மன்னிக்கப்பட வேண்டிய தாய்மார்கள். ஆணுக்கு எந்த வேற்றுமையிலும் அங்கே இடமில்லை. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் மணமான பெண்களில் கருத்தடை அறுவை செய்துகொண்டவர் ஏறத்தாழ 38 விழுக்காடு. ஆண்களின் கருத்தடை அறுவையைச் சார்ந்திருப்போர் 0.3 விழுக்காடு. ஆணுறை வேண்டாம் என்பவனும், மறுக்கும் உரிமையை மனைவிக்குத் தராதவனும், மூன்றாவது வேண்டாம் என்று மாத்திரையை வாங்கி வருபவனும் அதே ஜெபத்தில் கைதூக்கி நிற்கிறார்கள். கத்தோலிக்கத் தரப்பில் சிக்கல் மேலும் ஒரு சுற்று இறுகுகிறது. 1968இன் 'ஹுமானே வீத்தே' சுற்றுமடலிலிருந்து செயற்கைக் கருத்தடை எதற்கும் இடமில்லை. இயற்கை முறை மட்டுமே உண்டு. இயற்கை முறை கணவனின் ஒத்துழைப்பைக் கேட்கிறது. பத்துக்குப் பத்து அறையில், இரவுப்பணி முடிந்து குடித்துவிட்டு வருபவனிடம் நாள் கணக்குச் சொல்லும் துணிவை எந்த ஜெபக்குழு அந்தப் பெண்ணுக்குப் பெற்றுத் தந்திருக்கிறது?

1979 டிசம்பரில் ஆஸ்லோவில் நோபல் உரை ஆற்றிய அன்னை தெரசா, கருக்கலைப்பை உலக அமைதியின் பெரும்பகையாகக் கூறினார். அவரைச் சுட்டுவோர் அந்த ஒரு கூற்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தத்துக்கொடுத்தல் வழியாகவே தம் சபையினர் அதை எதிர்ப்பதாகவும் அதே உரையில் அவர் கூறினார். வேண்டாத குழந்தையைத் தம்மிடம் தருமாறு கேட்டார். எதிர்ப்புக்கு ஒரு விலை உண்டு என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அந்த விலையைத் தம் இல்லங்களில் செலுத்தினார். 1992இல் சேலத்தில் தமிழக அரசு தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டமும், எத்தனை குறைகள் இருந்தாலும், அதே கணக்கைப் புரிந்துகொண்டது.

சயானுக்கே திரும்பினால் வேறொரு முன்மாதிரி தெரிகிறது. அந்த மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைப் பிரிவை நடத்தி, பின்னர் அதன் முதல்வராகவும் இருந்த அர்மிடா பெர்னாண்டஸ், 1989இல் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியை அங்கே நிறுவினார். பால் சுரக்காத தாய்க்கும் எடை குறைந்து பிறந்த பிள்ளைக்கும் பிற தாய்மாரின் பால். 1999இல் அவர் தொடங்கிய 'ஸ்நேஹா' அமைப்பு தாராவியில் கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், வீட்டில் அடிபடும் பெண்கள் ஆகியோரிடையே இன்றளவும் வேலை செய்கிறது. அங்கே ஜெபமும் இல்லை, துக்க நாளும் இல்லை. தாராவியில் பிறந்த எத்தனையோ பிள்ளைகள் முதல் மாதத்தைத் தாண்டியதில் அந்த வேலைக்குப் பங்கு உண்டு.

இதைச் சொன்னால், சபைகளை நீக்கிவிட்டுத் தொண்டு நிறுவனங்களை வைக்கச் சொல்வதாகத் தோன்றலாம். அப்படியன்று. தாராவித் தமிழ்ப் பெண்ணுக்குச் சபை தரும் ஒன்றை எந்த நிறுவனமும் தர இயலாது: பெயர் சொல்லி அழைக்கும் இருபது பெண்கள், அவள் வராவிட்டால் வீடு தேடி வரும் அக்காக்கள், நள்ளிரவில் அழைத்தாலும் எடுக்கும் ஒரு போதகர் அம்மா. இந்தக் கட்டமைப்புதான் ஜெபக்குழுவின் உண்மையான பலம். கருவுற்ற பெண்ணோடு சயானின் புறநோயாளிப் பிரிவில் வரிசையில் நிற்க ஒருத்தி, மூத்த பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவர ஒருத்தி, கணவனிடம் பேச அவன் மதிக்கும் ஒரு ஆண், பிறந்தபின் ஆறு மாத வாடகைக்குச் சபையின் காணிக்கையிலிருந்து ஒரு பங்கு. இவற்றைத் தந்த சபை 'வேண்டாம், பெற்றுக்கொள்' என்று சொல்லுமானால் அந்தச் சொல்லுக்கு அவள் காது கொடுக்கக்கூடும். கொடுக்காமலும் போகக்கூடும். அவள் மறுத்து, மாத்திரை உண்டு, உதிரம் நிற்காமல் கிடக்கும் இரவில் அதே அக்காக்கள் அவளை ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்களா, அங்கே மருத்துவர் கேட்கும்போது 'கலைஞ்சு போச்சு' என்று அவள் சொல்வதைத் திருத்தாமல் பக்கத்தில் நிற்பார்களா?

சில சபைகளில் நிற்பார்கள். அப்படிப்பட்ட பெண்கள் ஆகஸ்ட் 10 அன்று மெழுகுவத்தியோடு முன்வரிசையில் இருப்பதில்லை. பெரும்பாலும் பின்வரிசையில், மடியில் யாருடைய பிள்ளையையோ வைத்துக்கொண்டு இருக்கிறார்கள்.